பத்து மாதக் குழந்தையுடன் சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்குக் காரில் போகலாமா? எப்படிச் சமாளிப்பது?

போகலாம். ஒரே நாளில் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற வீம்பை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஓணத்துக்கு ஊருக்குப் போகிறீர்கள், ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை, இதுதானே? எங்கள் கதையும் அதேதான்.

மகளுக்கு அப்போது 11 மாதம். நாகர்கோவிலையும் தாண்டி, எங்கள் ஊர் மார்த்தாண்டம் வரைக்கும் 700 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டதால் தூக்கத்திலேயே விழுப்புரம் தாண்டிவிட்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பெல்ட் போட்டு உட்காரவைத்திருந்த குழந்தைகளுக்கான கார் இருக்கையிலிருந்து இறக்கி, கொஞ்சம் தவழவிட்டோம். அம்மா கொண்டுவந்திருந்த ஏத்தங்காய்ப் பொடியில் (நேந்திரன் வாழைக்காய்ப் பொடி) பிளாஸ்க் வெந்நீர் ஊற்றிக் கரைக்கலாம் என்று பார்த்தால் கட்டி கட்டியாகிவிட்டது. அதை வீட்டிலேயே அடுப்பில் காய்ச்சினால்தான் சரிவரும். நீங்கள் பழமும் இட்லியும் எடுத்துக்கொள்ளுங்கள். பொம்மை, பாட்டு எல்லாம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும், அதை விடுங்கள்.

மதுரை தாண்டியதும் ஆரம்பித்தது. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு ஒரே அழுகை. பக்கத்தில் அம்மா. "பச்சப்பிள்ளைய இப்படியா கெட்டிப் போடுவாவ? நீயெல்லாம் என் மடியில வளந்தவதான், மக்களே." இதையே சாத்தூரில் ஒருமுறை சொன்னார், கோவில்பட்டியில் ஒருமுறை. கயத்தாறு பக்கம் நான் தோற்றுப்போனேன். பெல்ட்டைக் கழற்றி மடியில் எடுத்துக்கொண்டேன். அழுகை நின்றது. அம்மா முகத்தில் ஒரு வெற்றி.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, ஒரு நாய் குறுக்கே ஓடியது. கணவர் பிரேக் போட்டார். நான் இரண்டு கையாலும் இறுக்கித்தான் பிடித்திருந்தேன், அதைச் சொல்லியாக வேண்டும். அப்படியும் வழுக்கிப் போய் முன் இருக்கையில் நெற்றி இடித்துக்கொண்டாள். நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம். திருநெல்வேலியில் டாக்டரிடம் காட்டினோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார். இரவு அங்கேயே தங்கிவிட்டோம்.

"அந்தக் காலத்தில் எல்லோரும் மடியில்தானே போனோம்" என்று எழுத வருகிறவர்களே, அந்தக் காலத்தில் நீங்கள் போனது அம்பாசிடரில், உருட்டிக்கொண்டு. இன்றைக்கு நான்கு வழிச்சாலையில் 100-ல் போகிற வண்டி திடீரென்று நின்றால், கையில் இருக்கும் 9 கிலோ பிள்ளையை எந்தத் தாயாலும் பிடித்து நிறுத்த முடியாது. இந்த வயதில் தலை கனம், கழுத்துக்குப் பலம் போதாது. அதனால்தான் பிள்ளையின் இருக்கையைப் பின்பக்கம் பார்த்தபடி மாட்டச் சொல்கிறார்கள். அதுவும் பின்சீட்டில், ஏர்பேக் இருக்கும் முன்சீட்டில் வைக்கவே கூடாது. பணக்கொழுப்பு என்பீர்கள். நாங்கள் வாங்கியது தவணையில்.

அம்மாவிடம் இந்த விளக்கமெல்லாம் எடுபடவில்லை. 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு பெல்ட்டோ தனி இருக்கையோ இல்லாவிட்டால் 1000 ரூபாய் அபராதம், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது என்று கணவர் சொன்னதும்தான் வாயை மூடினார்.

மறுநாள் காலை முப்பந்தலில் இசக்கியம்மனைக் கும்பிட நிறுத்தியபோது பிள்ளை காற்றாலைகளைப் பார்த்து வாய் பிளந்து உட்கார்ந்திருந்தாள். ஆரல்வாய்மொழி, தோவாளை தாண்டி நாகர்கோவில் வரைக்கும் ஒரு சத்தம் இல்லை.

அதோடு நிம்மதி முடிந்தது. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் 30 கிலோமீட்டர்தான். அதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம்! கேரளாவுக்குக் கல்லும் எம் சாண்டும் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) ஏற்றிப்போகும் பெரிய டாரஸ் லாரிகள் வரிசையாக ஊர்கின்றன. ஒன்றைத் தாண்டினால் அடுத்தது. எங்கள் மலையை உடைத்து எங்கள் ரோட்டிலேயே குழி பறித்துக்கொண்டு போகிறார்கள். தக்கலையில் நின்ற இடத்திலேயே பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்தேன். கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் நாகர்கோவிலைத் தாண்டிப் போவதாக இருந்தால் அந்த 30 கிலோமீட்டருக்குத் தனியாக நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், திரும்பும்போது எங்களுக்கு ரயிலில் இடம் கிடைத்துவிட்டது. நானும் பிள்ளையும் அதில் வந்தோம், கணவர் தனியாகக் காரை ஓட்டி வந்தார். பிள்ளையின் இருக்கையில் ஒரு ஏத்தன் குலை. அது உருண்டு நசுங்கிவிடக் கூடாதென்று பெல்ட் மாட்டி விட்டது அம்மாதான்.