நூலகத்துக்குப் போவதை நிறுத்திவிட்ட தந்தை

கேள்வி: எழுபத்தாறு வயதாகும் என் தந்தை நாற்பது ஆண்டுகளாக நூலக உறுப்பினர். ஓராண்டாக அங்கே போவதில்லை. கேட்டால் "படித்தது போதும்" என்கிறார். முழங்கால் வலியும் கைநடுக்கமும் உண்டு. கண்புரை அறுவைக்குப் பிறகும் சிறிய எழுத்துகளைப் படிக்கச் சிரமப்படுகிறார். நூலகத்தாரிடம் என்ன உதவி கேட்கலாம்?

பதில்: "படித்தது போதும்" என்று அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். நாற்பது ஆண்டுகள் படித்தவருக்கு ஓராண்டில் ஆர்வம் வற்றிவிடுவது அரிது. கண்ணும் கையும் காலும் ஒத்துழைக்காததை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார் என்றே எண்ணுகிறேன்.

முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள். கண்புரையை அகற்றிப் பொருத்தும் செயற்கை வில்லை பெரும்பாலும் தூரப் பார்வைக்கு ஏற்றதாகவே இருப்பதால், படிப்பதற்குத் தனிக் கண்ணாடி தேவைப்படும். இதை அறியாமல் புத்தகத்தையே கைவிட்டவர்கள் பலர். அதன் பிறகு நூலகரிடம் பெரிய எழுத்துப் பதிப்புகளைக் கேளுங்கள். வழக்கமான நூல்கள் 10 முதல் 12 புள்ளி (எழுத்தளவைக் குறிக்கும் அலகு) அளவு எழுத்தில் அச்சாகின்றன. பெரிய எழுத்து நூல்களிலோ அது 16 அல்லது 18 புள்ளியாக இருக்கும். இத்தகைய நூல்களை முதியோருக்காகவே 1964-இல் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் தோர்ப் என்பவர் வெளியிடத் தொடங்கினார். தந்தை விரும்பும் நூல் அந்த வடிவில் இல்லாவிட்டால், நூலகம் இரவல் தரும் மின்னூலைக் கைக்கணினியில் திறந்து எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். தடித்த நூலைத் தாங்க முடியாத கைக்கும் அதுவே எளிது.

கைநடுக்கத்தைப் பற்றிப் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. பார்வைக் குறைபாடு உடையோருக்காக, பதிப்புரிமை உடையவரின் அனுமதியின்றியே நூல்களை ஒலிவடிவிலோ பிரெயிலிலோ ஆக்கித்தர வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டது. உடற்குறையால் புத்தகத்தைப் பிடிக்கவோ பக்கம் புரட்டவோ இயலாதவர்களும் அதன் பயனாளிகளே. உங்கள் நாடு அதில் இணைந்திருந்தால், "என் தந்தைக்கு இது பொருந்துமா?" என்று நூலகரிடம் தயங்காமல் கேளுங்கள். ஒலிநூல்களில் 'டெய்சி' என்னும் வடிவத்தில் இருப்பவை மிகவும் வசதியானவை; அச்சு நூலைப் புரட்டுவது போலவே அவற்றில் அத்தியாயம் அத்தியாயமாகத் தாவிச் செல்லலாம், வாசிக்கும் வேகத்தைக் குறைக்கலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

முழங்கால் வலிக்கு, வீட்டுக்கே நூல் கொண்டுவரும் சேவையோ நடமாடும் நூலகமோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். இரண்டும் இல்லையென்றால், அவருடைய உறுப்பினர் அட்டையில் நீங்கள் நூல் எடுத்துவர அனுமதி கேட்கலாம். ஆனால் எல்லாவற்றையும் வீட்டுக்கே வரவழைத்துவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். நாற்பது ஆண்டுகள் அவர் தேடிப் போனதில் புத்தகத்துக்கு இணையாக, அங்கே வணக்கம் சொல்லும் மனிதர்களும் இருந்திருப்பார்கள். பகல் நேர வாசகர் வட்டம் நடக்கும் நாளில் மட்டுமாவது, படி ஏறத் தேவையில்லாத வாசல் வழியாக அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எனக்கு அறுபத்தெட்டு வயது. நூலகத்தில் கணினி கற்றுத் தருகிறார்களாம். பேரன் வயதுப் பிள்ளைகளிடம் போய்க் கேட்க வெட்கமாக இருக்கிறது.

பதில்: கூட்டமில்லாத நேரத்தைக் கேட்டறிந்து, ஒரே ஒரு தேவையோடு போங்கள், மகளுக்கு மின்னஞ்சல் அனுப்புவது, மருத்துவரிடம் முன்பதிவு செய்வது போன்ற ஒன்றாக அது இருக்கட்டும். கற்றதை உங்கள் கையாலேயே குறித்துக்கொண்டு, அங்கேயே இருமுறை செய்து பாருங்கள். சொல்லித் தருபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கடவுச்சொல்லை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பொதுக் கணினியிலிருந்து எழும் முன் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டீர்களா என்று மட்டும் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.