சிறிய காற்றுப் படகில் இருக்கை: முதுகு வலிக்கிறதென்றால்

ஊதி மிதக்கவிடும் எட்டடிக் காற்றுப் படகில் இரண்டு மணி நேரம் தூண்டில் போட்டாலே இடுப்பு பிடித்துக்கொள்கிறது, ஊதும் மெத்தை இருக்கை அமுங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த மெத்தையை விட்டுவிடுங்கள். கரையில், வெயிலில் எவ்வளவு இறுக ஊதினாலும், குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். இருக்கை தளர்ந்து, முழங்கால் மார்பளவு ஏறி, முதுகு வளைந்துவிடும். உங்கள் வலி பெரும்பாலும் அதனால்தான்.

அதற்குப் பதில் உட்காரக் குறுக்குப் பலகை போடுங்கள். ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகையான மரைன் பிளைவுட் நல்லது. ஓரங்களை உப்புத்தாளால் உருட்டித் தேய்த்து, விரலை ஓட்டிப் பாருங்கள். சிறு சிராய் நெருடினாலும் விடாதீர்கள், அது நாளடைவில் படகின் காற்றுக் குழாயைத் தேய்த்து ஓட்டையாக்கிவிடும். பக்கக் குழாய்களில் பலகையைத் தாங்கும் பட்டைகள் இருந்தால், பாதி ஊதிய நிலையிலேயே பலகையைச் செருகி, பிறகு முழுதாக ஊதுங்கள். குழாயே அதைக் கவ்விக்கொள்ளும். பட்டைகள் இல்லையென்றால் அவற்றை வாங்கி ஒட்டத்தான் வேண்டும். பிவிசி படகுக்கும் ஹைபலான் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) படகுக்கும் பசை வேறு வேறு, பார்த்து வாங்குங்கள்.

பலகை மேல் சாதாரணப் பஞ்சு மெத்தை வேண்டாம், நீரைக் குடித்துக் கனத்துவிடும். யோகா விரிப்பு போன்ற ஈவிஏ நுரையை இரண்டு அங்குலத்துக்கு அடுக்கினால் போதும். அதற்கு மேல் உயர்த்தினால் படகு ஆடும்.

இரும்புக் கால் வைத்த மடக்கு நாற்காலி மட்டும் வேண்டவே வேண்டாம். உங்கள் படகில் பட்டைகள் இருக்கின்றனவா? உள்பக்கப் படம் ஒன்று போடுங்கள், அளவு சொல்கிறேன்.