ஒப்புக்கு ஒருவர்

கேள்வி: எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டினாலும் இயக்குநர் குழுவில் எட்டு ஆண்கள், நடுவே ஒரே ஒரு பெண்மணி. சட்டத்துக்காக இப்படி உப்புக்குச் சப்பாணியாக ஒருவரை உட்கார வைப்பதால் யாருக்கு என்ன லாபம்? தகுதி உள்ளவர்கள் தாமாக வரட்டுமே?
– சிறு முதலீட்டாளர், ஈரோடு

பதில்: முதலில் அந்த உப்பைத் தள்ளி வையுங்கள் ஐயா. அது ஒப்புக்குச் சப்பாணி. இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை திருத்தினாலும் அடுத்த கட்டுக் கடிதங்களில் உப்பு திரும்பி வந்துவிடுகிறது. பிள்ளைகள் தெருவில் ஓடிப்பிடித்து ஆடும்போது "தம்பியையும் சேத்துக்கங்கடா" என்று வீட்டிலிருந்து ஒரு குரல் வரும். சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அவனைத் தொட்டாலும் அவுட் இல்லை, அவன் தொட்டாலும் அவுட் இல்லை. அவனுக்கு ஓடத் தெரியுமா என்று யாரும் பார்ப்பதில்லை. அவன் தொட்டது செல்லாது என்று ஆட்டம் தொடங்கும் முன்பே மற்றவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். (சப்பாணி என்பது நடக்க முடியாதவரை இளப்பமாகச் சொல்லும் சொல். அதை விட்டுவிட வேண்டும் என்பது என் பழைய வாதம். ஒப்புக்கு என்றாலே போதும், பொருள் விளங்கிவிடும்.)

ஒப்பு என்றால் நிகர், சமம். ஒப்புமை, ஒப்புதல், ஒப்புரவு எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. சமம் என்று சொல்லவந்த சொல் "பேருக்கு" என்று பொருள் திரிந்து நிற்பது எனக்கு நெடுநாள் வருத்தம். உங்கள் கேள்விக்கான பதிலும் அந்தத் திரிபில்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குத் தகுதி உண்டா என்று கேட்கிறீர்கள். அவர் தொட்டால் செல்லாது என்று விதி போட்டவர் யார் என்று கேளுங்கள்.

2013 கம்பெனிச் சட்டத்தின் 149ஆம் பிரிவு பெண் இயக்குநரைக் கட்டாயமாக்கியது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட எல்லாக் கம்பெனிகளுக்கும் அது பொருந்தும். பட்டியலில் இல்லாத பப்ளிக் லிமிடெட் என்றால், செலுத்திய மூலதனம் 100 கோடி அல்லது விற்றுமுதல் 300 கோடி ரூபாயை எட்டினால் பொருந்தும். குறைந்தது ஒருவர் என்பதே விதி. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி முதலில் 2014 அக்டோபர் 1 என்று கெடு வைத்து, பிறகு 2015 ஏப்ரல் 1க்குத் தள்ளிக் கொடுத்தது. அந்தக் கடைசி வாரங்களில் பல கம்பெனிகள் புரமோட்டரின் (கம்பெனியைத் தொடங்கிக் கையில் வைத்திருப்பவரின்) மனைவி, மகள், மருமகள் என்று வீட்டுக்குள்ளேயே ஆள் பிடித்தன. சட்டம் அதைத் தடுக்கவில்லை. செபி அமைத்த உதய் கோட்டக் குழு 2017இல் அறிக்கை தந்த பிறகுதான் அந்த ஓட்டை பாதி அடைபட்டது. அந்தப் பெண் சுயேச்சை இயக்குநராகவும் இருக்க வேண்டும், அதாவது புரமோட்டருக்கோ மற்ற இயக்குநர்களுக்கோ உறவினராக இருக்கக் கூடாது என்ற விதி 2019 ஏப்ரல் 1 முதல் சந்தை மதிப்பில் முதல் 500 கம்பெனிகளுக்கும், 2020 ஏப்ரல் 1 முதல் முதல் 1000 கம்பெனிகளுக்கும் வந்தது. அதற்குக் கீழே உள்ளவற்றில் இன்றும் மருமகள் போதும்.

மீறினால் பங்குச் சந்தை ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் அபராதம் போடும். பெரிய கம்பெனிக்கு அது தேநீர்ச் செலவு. பொதுத்துறை நிறுவனங்களே அபராத நோட்டீஸ் வாங்கிக்கொண்டு, "நியமனம் அமைச்சகத்தின் கையில்" என்று பதில் எழுதுகின்றன. சட்டம் போட்ட அரசு தன் கம்பெனியில் ஒரு நாற்காலியை நிரப்பாமல் விட்டால் தனியாருக்கு யார் புத்தி சொல்வது? இதையும் நான் விடப்போவதில்லை.

சரி, ஒருவரை உட்கார வைத்தாயிற்று. அவரை ஒப்புக்கு ஆக்குவது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு நோட்டீஸும் அஜெண்டா குறிப்புகளும் போக வேண்டும். நோட்டீஸ் நேரத்துக்குப் போகும். நூற்றுக்கணக்கான பக்க இணைப்புகள் முந்தின நாள் இரவு போகும். படிக்காதவரால் கேள்வி கேட்க முடியாது. இரண்டாவது வழி, அவரைத் தணிக்கைக் குழுவிலும் நியமன-ஊதியக் குழுவிலும் சேர்க்காமல், சமூகப் பொறுப்புச் செலவைப் பார்க்கும் குழுவில் மட்டும் போடுவது. கணக்கும் சம்பளமும் அடுத்த இயக்குநர் யார் என்பதும் முதல் இரண்டு குழுக்களிலேயே முடிவாகிவிடும். மூன்றாவது வழி மினிட்ஸ், அதாவது கூட்டத்தில் நடந்ததைப் பதியும் குறிப்பு. வரைவு 15 நாளில் வர வேண்டும், இயக்குநர்கள் 7 நாளில் திருத்தம் சொல்லலாம். எதிர்த்தவர் பெயரைப் பதிய வேண்டும் என்று 118ஆம் பிரிவு சொல்கிறது. நடப்பில் "விவாதத்துக்குப் பின் ஏற்கப்பட்டது" என்று ஒரே வரியில் எதிர்ப்பு கரைந்துபோகும். அந்த 7 நாளைத் தவறவிட்டவர் எதிர்த்ததற்கு அத்தாட்சி கிடையாது.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது 175ஆம் பிரிவு. கூட்டம் கூட்டாமல் தீர்மானத்தைச் சுற்றறிக்கையாக அனுப்பிக் கையெழுத்து வாங்கலாம். "இதைக் கூட்டத்தில் வைத்துப் பேசியாக வேண்டும்" என்று நிறுத்த, மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கேட்க வேண்டும். நீங்கள் சொன்ன ஒன்பது பேர் குழுவில் மூன்று பேர். ஒரே ஒருவர் எவ்வளவு படித்தவரானாலும் அந்தக் கதவைத் திறக்க முடியாது. குறைந்தது ஒருவர் என்று எழுதிய சட்டமே, ஒருவரால் ஆகாது என்றும் எழுதி வைத்திருக்கிறது.

நார்வே இந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டது. 2003இல் சட்டம், பழைய கம்பெனிகளுக்கு 2008 தொடக்கம் வரை கெடு. குழுவில் நான்கைந்து பேர் என்றால் ஆண் பெண் இரு பாலிலும் தலா இருவராவது வேண்டும். ஆறு முதல் எட்டு பேர் என்றால் மூவர், ஒன்பது என்றால் நால்வர், அதற்கு மேல் 40 சதவீதம். மீறினால் கம்பெனியையே கலைக்கலாம். அந்த விதியைத் தவிர்க்க சிலர் கம்பெனியின் சட்ட வடிவத்தையே மாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் கெடு முடிந்தபோது 40 சதவீதம் நிறைவேறியிருந்தது.

தெரு ஆட்டத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அது கொடுமையானது. ஒப்புக்கு ஆடும் பிள்ளைக்கு அவுட் கிடையாது. சுயேச்சை இயக்குநருக்கு உண்டு. தனக்குத் தெரிந்து நடந்த தவறுக்கும், கவனமாக இல்லாததால் நடந்த தவறுக்கும் அவர் பொறுப்பு என்கிறது 149(12). பேச்சுக்கு மதிப்பில்லாத இடத்தில் வழக்கில் மட்டும் முழுப் பங்கு!

தகுதி தாமாக வரட்டும் என்கிறீர்களே, தமிழ்நாட்டிலேயே பாருங்கள். முருகப்பா குழுமக் கம்பெனிகளின் பங்குகளைக் கையில் வைத்திருக்கும் ஹோல்டிங் கம்பெனியான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் தன் கிளைக் குடும்பத்தின் எட்டு சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட பங்கை முன்வைத்து, அணுப் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்ற வள்ளி அருணாச்சலம் இயக்குநர் இடம் கேட்டார். 2020 செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட வாக்குகள் எதிராக விழுந்தன. 2023இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. பட்டமும் பங்கும் இருந்தும் கதவு தாமாகத் திறக்கவில்லை.

பெண்களையாவது எண்ணுகிறோம். சாதியை எண்ணுவதே இல்லை. பிரிட்டனில் பார்க்கர் குழு 2017இல், முதல் 100 கம்பெனிகளின் குழுக்களில் 2021க்குள் வெள்ளையர் அல்லாத ஒருவராவது இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்து, ஆண்டுதோறும் கணக்கு கேட்கிறது. இங்கே 1000 இந்தியக் கம்பெனிகளின் 9,052 இயக்குநர்களை ஆராய்ந்த கட்டுரை 2012இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வந்தது. முற்பட்ட சாதியினர் 92.6 சதவீதம், பிற்படுத்தப்பட்டோர் 3.8, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்த்து 3.5. செபி கேட்கும் பொறுப்பறிக்கையில் குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்று கட்டம் இருக்கிறது. இதற்குக் கட்டம் இல்லை. அந்த ஒற்றைப் பெண் நாற்காலியும் அதே 92.6க்குள் சுற்றிவந்தால் அதைப் பன்மை என்று நான் ஒப்பமாட்டேன்.

நீங்கள் பங்குதாரர், கையில் வாக்கு இருக்கிறது. ஆண்டறிக்கையில் படத்தை விட்டுவிட்டு நிர்வாக நெறிமுறை அறிக்கைக்குப் போங்கள். யார் எத்தனை கூட்டத்துக்கு வந்தார், எந்தக் குழுவில் இருக்கிறார் என்ற அட்டவணை அங்கே இருக்கும். சுயேச்சை இயக்குநர் நியமனம் இப்போது சிறப்புத் தீர்மானம், எதிர்ப்பைப் போல மூன்று மடங்கு ஆதரவு வேண்டும். மின்வாக்கு குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும், பொதுக்கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை 5 மணிக்கு மூடிவிடும். கூட்டத்தில் பேச முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, தலைவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த ஆண்டு எத்தனை தீர்மானங்கள் சுற்றறிக்கையில் போயின? நியமனக் குழு வகுக்க வேண்டிய பன்மைக் கொள்கையில் சாதி என்ற சொல் இருக்கிறதா?