ரயில்வே கம்பெனிகள் கப்பலும் ஓட்டினவா? 'பிரஸ்ஸல்ஸ்' கப்பலுக்கு என்ன ஆனது?

ஆமாம், பிரிட்டனில் நிறையவே ஓட்டின. துறைமுகம் வரை ரயிலில் வந்தவரைக் கடலுக்கு அந்தப் பக்கமும் தாங்களே கொண்டுபோய் விட்டால் டிக்கெட் காசு முழுவதும் தங்களுக்கே, அதுதான் கணக்கு.

'பிரஸ்ஸல்ஸ்', கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வேக்காக 1902இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் கட்டிய நீராவிக் கப்பல். முதல் உலகப் போரின் நடுவிலும் நெதர்லாந்துக்குப் போய்வந்தது. 1915 மார்ச் 28 அன்று யு-33 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி நிற்கச் சொன்னபோது, கேப்டன் சார்லஸ் ஃப்ரையட் நிற்காமல் கப்பலை நேராக அதன்மேலேயே திருப்ப, அது அவசரமாக நீருக்குள் இறங்கிவிட்டது. கப்பல் தப்பியது. பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை அவருக்குத் தங்கக் கடிகாரம் பரிசளித்தது.

அந்தக் கடிகாரமே வினையாயிற்று. 1916 ஜூனில் ஜெர்மானியர் கப்பலைப் பிடித்தபோது, கடிகாரத்தில் பொறித்திருந்த வாசகம் அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. படைவீரர் அல்லாதவர் தாக்கினார் என்று குற்றம் சாட்டி, ஜூலை 27 அன்று பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் விசாரித்து, அன்று மாலையே சுட்டுக் கொன்றார்கள். தன் கப்பலையும் ஆட்களையும் காப்பாற்றியதற்கு மரணதண்டனை! என்னைக் கேட்டால் பச்சை அநியாயம்.

கப்பலை 1918இல் ஜெர்மானியரே பெல்ஜியத்தின் சீப்ரூக் துறைமுகத்தில் மூழ்கடித்தார்கள். அப்புறம் அதை மேலே தூக்கி, பழுதுபார்த்து, வேறொரு கம்பெனி 'லேடி பிரஸ்ஸல்ஸ்' என்ற பெயரில் ஓட்டியது. 1929இல் உடைத்துவிட்டார்கள்.