கிருபையும் சீட்டுக் காசும்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் கொழும்பில் ஒரு மெதடிஸ்த சபையின் அங்கத்தவர். எங்கள் சபையின் மூத்தவர் ஒருவர் பல ஆண்டுகளாகச் சீட்டுப் பிடித்து வந்தார். அதில் இருந்தவர்களும் பெரும்பாலும் சபைக்காரர்களே. 2021இல் சீட்டு நடுவில் முறிந்தது. காசு எங்கே போனதென்று அவர் சொல்லவில்லை. ஆலயத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். மகளின் மேற்படிப்புக்கென்று கடைசித் தவணைகளில் எடுக்கக் காத்திருந்தவள் நான். இப்போது அவர் மீண்டும் ஆராதனைக்கு வருகிறார். போதகர் ஐயா அவரை முன்னே அழைத்து ஜெபித்து, தேவன் மன்னித்ததை மனிதர் நினைவில் வைத்திருக்கக் கூடாது என்று பிரசங்கம் செய்தார். வேறு சிலரோ அவருக்குத் திருவிருந்தின் அப்பமும் இரசமும் கொடுக்கவே கூடாது என்கிறார்கள். அவருடைய மனைவி ஆசீர்வாதம் சொல்லி முடிந்ததும் தேநீருக்கு நிற்காமல் போய்விடுகிறார். முன்பு அந்தத் தேநீர் மேசையை ஒழுங்குசெய்தவரே அவர்தான். சீட்டுப் பிடித்த அந்த மூத்தவர் முழங்காலிடும் இடத்தில் முழங்காலிட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே திருவிருந்து எடுப்பதையே விட்டுவிட்டேன். கிருபையை நம்புகிற ஒருத்தி இப்படி இருக்கலாமா? பாவம் இப்போது என்னுடையதாகிவிட்டதா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொழும்பு)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பறிபோன காசை நினைவில் வைத்திருப்பது பாவமல்ல. வீட்டுச் செலவை ஒடுக்கி, மாதந்தோறும் மகளின் பெயரில் நீங்கள் கட்டிய காசு அது. அதை மறந்துவிடும்படி உங்களிடம் கேட்க, அதைக் கட்டாத எவருக்கும் உரிமை கிடையாது. மனந்திரும்புகிறவனின் பாவத்தைத் தேவன் மன்னிக்கிறார் என்று போதகர் அறிவிக்கலாம், அறிவிக்கவும் வேண்டும். அந்த ஊழியத்துக்காகவே அவர் அபிஷேகம் பெற்றிருக்கிறார். ஆனால் உங்களுக்கு வந்துசேர வேண்டிய கடனைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இவை இரண்டும் ஒரே ஜெபத்துக்குள் கலந்துவிட்டன. உங்கள் மனம் ஏற்க மறுப்பது அந்தக் கலப்பைத்தான் என்று நினைக்கிறேன். கிருபையை நீங்கள் மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வேதத்தில் இந்தக் கலப்பு இல்லை. குற்றம் செய்தவன் தன் பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தானோ அவனுக்கே செலுத்த வேண்டும் என்று எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. அந்த ஐந்தில் ஒரு பங்கு எதற்கென்று இலங்கையில் வாழும் எவருக்கும் இன்று விளக்க வேண்டியதில்லை. 2021இல் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் 2022இல் 360ஐத் தாண்டியது. அன்று கட்டிய முதலை இன்று சதம் குறையாமல் எண்ணி வைத்தாலும், அதைக் கொண்டு அன்று நினைத்த படிப்பைப் படிப்பிக்க முடியாது. இழந்தவர் காத்திருந்த காலத்துக்கும் விலை உண்டு என்பதை மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணம் அறிந்திருந்தது.

நியாயப்பிரமாணத்தின் காலம் முடிந்து கிருபையின் காலம் வந்துவிட்டது என்று இதற்கு மறுமொழி சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள், லூக்கா சுவிசேஷத்தில் வரும் வரி வசூலிப்பவனாகிய சகேயுவின் வீட்டில் நடந்ததை வரிசையாக வாசிக்க வேண்டும். இயேசு அவனிடம் முதலில் கணக்குக் கேட்கவில்லை. ‘இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்’ என்றார். ஊரார் முறுமுறுக்க முறுமுறுக்க, ஒரு நிபந்தனையும் இல்லாமல் அவனுடைய வாசலுக்குள் போனார். கிருபை அங்கே முந்திக்கொண்டது. அதன் பிறகு, எவரும் வற்புறுத்தாமலே, சகேயு எழுந்துநின்று எல்லாருடைய காதிலும் விழும்படி ஓர் அளவு சொன்னான்: அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன். ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்று ஆண்டவர் அறிவித்தது அந்த அளவைக் கேட்ட பிறகுதான். அதுவரை மூடியே வைத்திருந்த கணக்கை அவன் தானாகத் திறந்தானே, அதற்கான துணிவைக் கொடுத்தது அந்தக் கிருபை. உங்கள் சபையில் ஜெபம் நடந்தது. கணக்கு இன்னும் திறக்கப்படவில்லை.

கொழும்புக் கிறிஸ்தவர்களாகிய நாம் இதை அளவில் ஒப்பிடவே முடியாத ஒரு துயரத்திலும் கண்டிருக்கிறோம். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்தன. தங்களை அழிக்க வந்தவர்களை மன்னித்துவிட்டதாக மறு ஆண்டு உயிர்ப்புப் பெருநாளில் சொன்ன கர்தினால் மல்கம் ரஞ்சித், விசாரணை வேண்டும், உண்மை வெளிவர வேண்டும் என்று கேட்பதை அதனால் நிறுத்தவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தபோது, மன்னித்தவர்களுக்கு நட்டஈடு எதற்கு என்று பாதிக்கப்பட்ட குடும்பங்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குப் பொருந்தும் நியாயம் உங்களுக்கும் பொருந்தும்.

இனி, அவருக்குத் திருவிருந்து கூடாது என்பவர்களிடம் வருகிறேன். இங்கே என் மனம் இன்னும் கனக்கிறது. சீட்டு எப்படி நடக்கும் என்பது நமக்குத் தெரியும். இருபது பேர் மாதம் 25,000 ரூபாய் போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒருவர் கைக்கு ஐந்து இலட்சம் போகும். அவசரக்காரர் முதலில் எடுப்பார். ‘பரவாயில்லை, நான் பிறகு எடுக்கிறேன்’ என்று விட்டுக்கொடுத்தவர் கடைசியில் நிற்பார். எடுத்தவர்கள் இருபதாம் மாதம் வரை தொடர்ந்து கட்டினால்தான் கடைசி ஆளுக்குக் காசு இருக்கும். பிடித்தவர் தலைமறைவானதும், ஏற்கெனவே எடுத்தவர்களில் பலர் மிச்சத் தவணைகளைக் கட்டாமல் சத்தமில்லாமல் இருந்துவிடுவார்கள். யாரிடம் கட்டுவது என்பது அவர்கள் சொல்லும் காரணம். உங்கள் சீட்டில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் சீட்டுக் கணக்கு எழுதிய உங்கள் சீ.ஆர். கொப்பியை எடுத்து, எந்த மாதம் யார் எடுத்தார், அதன் பிறகு யார் கட்டினார் என்று ஒரு தடவை பாருங்கள். அவர் பாவி, பந்தியில் சேர்க்கக் கூடாது என்று குரலுயர்த்துகிறவர்களில் உங்களுக்குக் காசு தரவேண்டியவர்களும் இருக்கக்கூடும். ஒருவருடைய வெளிப்படையான குற்றத்தின் நிழலில் பத்துப் பேருடைய சிறிய குற்றங்கள் பத்திரமாக ஒதுங்கி நிற்பது சபை வாழ்க்கையில் புதிதல்ல.

அவர்கள் எடுத்துக்காட்டும் வசனம் 1 கொரிந்தியர் பதினோராம் அதிகாரத்தில், அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய், போஜனபானம் பண்ணுவதைப் பற்றியது. பவுல் எதைக் கண்டு அதை எழுதினார் என்பது அதற்குச் சில வரிகள் முன்னாலேயே இருக்கிறது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். முதலில் எடுத்தவரும் கடைசியில் நின்றவரும் அந்தச் சபையிலும் இருந்தார்கள். பவுல் கொடுத்த கட்டளையும் ஒவ்வொருவனும் தன்னைத்தானே சோதித்தறிய வேண்டும் என்பதே; பக்கத்தில் இருப்பவனைச் சோதிக்கும்படி அவர் சொல்லவில்லை. உங்கள் மரபின் தந்தையாகிய ஜோன் வெஸ்லி, திருவிருந்து மனிதனை மனந்திரும்பச் செய்யும் சாதனமாகவும் இருக்கிறது என்று போதித்தவர். தகுதி வந்த பிறகு வா என்பது அவருடைய போதனை அல்ல. சபை தண்டித்த ஒருவனைப் பற்றி, ‘அநேகரால் உண்டான இந்தத் தண்டனையே போதும்’ என்றும், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு அவனை மன்னித்து ஆறுதல்செய்ய வேண்டும் என்றும் அதே கொரிந்தியருக்குப் பவுல் இரண்டாம் நிருபத்தில் எழுதினார். அது சீட்டுப் பிடித்தவருடைய மனைவிக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். அவர் சீட்டுப் பிடிக்கவில்லை. எதையும் அறிக்கையிட வேண்டியவரும் அல்லர். ஒரு பெண் தன் சபையின் தேநீர் மேசையருகே நிற்க வெட்கப்பட்டுப் போவது ஒழுங்கு நடவடிக்கை ஆகாது. அது வெறும் கொடுமை. அடுத்த ஞாயிறு உங்களுக்குப் பலம் இருந்தால் அவரை ஒரு கோப்பைத் தேநீருக்கு மறித்து நிறுத்துங்கள். காசைப் பற்றி அப்போது ஒரு வார்த்தையும் வேண்டாம்.

என்ன செய்யலாம் என்பதற்கும் உங்கள் மரபிலேயே வழி இருக்கிறது. மெதடிஸ்தர்களின் வகுப்புக் கூட்டங்கள் 1742இல் பிரிஸ்டல் நகரில் தொடங்கியதே ஒரு கடனால்தான். அங்கே கட்டிய கூட்ட மண்டபத்தின் கடனை அடைக்க அங்கத்தவர்களைச் சுமார் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகளாகப் பிரித்து, வாரம் ஒரு பென்னி சேர்க்க ஆள் நியமித்தார்கள். காசு சேர்க்க வீடு வீடாகப் போனவர்கள் அங்கத்தவர்களின் வாழ்க்கையையும் கண்டார்கள். யார் விழுந்திருக்கிறார், யார் தடுமாறுகிறார் என்பது வெஸ்லிக்கு அவர்கள் மூலமாகத் தெரியவந்தது. பிரசங்க பீடத்திலிருந்து ஊருக்கே அறிவிப்பதற்குப் பதிலாக, ஒருவரையொருவர் முகம் பார்த்து அறிந்த சிலருக்குள் பாவத்தைப் பேசும் வழக்கம் அப்படி வளர்ந்தது. 1814இல் வெஸ்லியின் வழிவந்த மிஷனரிகள் இந்தத் தீவில் இறங்கியபோது கொண்டுவந்ததும் இந்த மரபைத்தான். ஆகவே போதகர் ஐயாவைத் தனியாகச் சந்தியுங்கள். சீட்டில் இருந்த எல்லாரையும், பிடித்தவரையும், முதலில் எடுத்தவர்களையும் சேர்த்து, ஒரு பின்னேரம் மூடிய அறையில் உட்காரவைக்கும்படி கேளுங்கள். மேசையில் கொப்பிகள் இருக்கட்டும். காசு எங்கே போனதென்று அவர் சொல்லட்டும். எடுத்தவர்கள் எத்தனை தவணை பாக்கி என்று சொல்லட்டும். முழுவதும் திரும்பி வராமற்போகலாம். மாதம் ஐயாயிரமாக ஆண்டுக்கணக்கில் வந்தாலும் அது மனந்திரும்புதலின் கனிதான். வருவதில் எவ்வளவை விட்டுக்கொடுப்பதென்று அப்போது நீங்கள் தீர்மானிக்கலாம். அந்தத் தீர்மானம் உங்களுடையது மட்டுமே, அதை யாரும் உங்களிடமிருந்து அவசரப்படுத்தி வாங்கக் கூடாது.

திருவிருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னது, தன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூருகிறவனுக்கு. இந்த விஷயத்தில் குறை இருப்பது உங்களுக்கு, அவர்பேரில். எழுந்து போய்த் திரும்பி வரவேண்டியவர் அவர். போதகர் அந்த வசனத்தை அவருக்குத் தனியாக வாசித்துக் காட்டுவது நல்லது. நீங்கள் அடுத்த திருவிருந்து ஆராதனைக்குப் போங்கள். போதகர் ஐயா என்ன சொன்னார் என்பதை நேரம் கிடைக்கும்போது எனக்கு எழுதுங்கள்.