எங்கள் ஊர் விலக்கில் ஓர் உயிருக்கு எவ்வளவு?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் காரைக்குடி – தேவகோட்டை சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பஸ் ஏற, ஊருக்குப் பாதை பிரியும் விலக்குக்குத்தான் வர வேண்டும். அந்த விலக்கில் மூன்று வருடத்தில் நாலு பேர் போய்விட்டார்கள். கீரை விற்கப் போன 62 வயது அம்மா, வேலை முடிந்து வந்த 29 வயது இன்ஜினியர் தம்பி, ஒரு குடும்பத்தலைவி, பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தா. கை கால் முறிந்தவர்கள் தனி. சுரங்கப்பாதை கேட்டு மனுக் கொடுத்தோம். அளக்க வந்த ஆலோசகர், "ஒரு சாவுக்கு இத்தனை லட்சம்னு போட்டுப் பார்த்தா செலவு தேறாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உயிருக்கு விலை போடுவது நியாயமா? அடுத்த மனுவில் "உயிர் விலைமதிப்பற்றது" என்று எழுதலாம் என்கிறார்கள் சிலர். கோர்ட்டில் கிடைத்த இழப்பீட்டைக் காட்டி வாதாடலாம் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? — மகளிர் குழு நடத்தும் ஒரு வாசகி.

பதில்: இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் யோசனை. காரணம் சொல்கிறேன்.

ஆலோசகர் மேல் உங்களுக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. ஆனால் அவர் கணக்குப் போட்டதற்காகக் கோபப்படாதீர்கள். எந்த எண்ணை வைத்துப் போட்டார் என்று அவரிடம் கேட்காமல் விட்டோமே, அதற்குக் கோபப்படலாம். "விலைமதிப்பற்றது" என்று எழுதிய மனு அலுவலகத்தில் மரியாதையாகத்தான் வாங்கிக்கொள்ளப்படும், அப்புறம் கோப்புக் கட்டுக்குள் போய்விடும். எல்லா ஊர் விலக்கிலும் உயிர் விலைமதிப்பற்றதுதான். இருக்கிற பணத்தில் முதலில் எந்த விலக்கைச் சரிசெய்வது என்ற கேள்விக்கு அந்தச் சொல்லில் பதில் இல்லை. தொகையை வெளியில் சொல்லாத அரசும் ஒரு தொகை வைத்திருக்கிறது. நிராகரித்த கோப்புகளைக் கூட்டிப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நாம் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். நாள் கணக்கில் இயந்திரங்கள் பாறையைக் குடைந்தன. செலவு என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் குழியை முன்கூட்டியே ஒரு மூடி போட்டு அடைத்திருக்க ஆகும் செலவு சில ஆயிரம்கூட இருக்காது. அதற்கு யாரும் கூடவில்லை, ஏனென்றால் விழப்போகிற குழந்தைக்கு அப்போது முகமில்லை. 1968-லேயே தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இந்த வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டினார். முகம் தெரிந்த உயிர் ஒன்று, புள்ளிவிவரத்தில் மட்டும் இருக்கிற உயிர் இன்னொன்று. உங்கள் விலக்கில் அடுத்த வருடம் போகப்போகிறவர் இரண்டாம் வகை. அவருக்காக வாதாட எண் ஒன்றுதான் இருக்கிறது.

அந்த எண் எப்படி வருகிறது? பத்தாயிரம் பேர் புழங்கும் ஒரு சாலை என்று வையுங்கள். ஒரு விளக்கு போட்டால் ஒவ்வொருவருக்கும் இருக்கும் ஆபத்து பத்தாயிரத்தில் ஒரு பங்கு குறைகிறது, அதாவது வருடத்துக்கு ஒரு சாவு குறையும். அந்தச் சிறு பாதுகாப்புக்கு ஆளுக்கு 500 ரூபாய் தரத் தயார் என்றால் மொத்தம் 50 லட்சம். பொருளாதாரத்தில் இதைத்தான் "புள்ளிவிவர உயிரின் மதிப்பு" என்கிறார்கள். 50 லட்சம் தந்தால் உங்களில் ஒருவரைக் கொல்லலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. யார் என்று தெரியாத ஒரு சாவைத் தவிர்க்கப் பத்தாயிரம் பேர் சேர்ந்து எவ்வளவு போடத் தயார் என்பதுதான் கணக்கு. பெயர் வைத்தவர்கள் இன்னும் கொஞ்சம் நல்ல பெயராக வைத்திருக்கலாம். பாதிச் சண்டை பெயரால் வந்தது.

ஆனால் மீதிப் பாதிச் சண்டை நியாயமானது. உங்கள் ஊருக்கு நேரடியாகப் பொருந்துவதும் அதுதான்.

உங்களில் இரண்டாம் தரப்பார் சொல்கிற கோர்ட் கணக்கைப் பார்ப்போம். 2009-இல் சரளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த முறையைத்தான் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயங்கள் பின்பற்றுகின்றன. இறந்தவரின் வருட வருமானத்தில் அவர் தனக்காகச் செலவழித்திருக்கக்கூடிய பங்கைக் கழித்து, வயதுக்கு ஏற்ற ஒரு பெருக்கு எண்ணால் பெருக்குவார்கள். கீரை விற்ற அம்மாவுக்கு நாளைக்கு 300 ரூபாய், வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 90,000. மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 60,000. 62 வயதுக்குப் பெருக்கு எண் 7. ஆக 4 லட்சத்து 20 ஆயிரம். இன்ஜினியர் தம்பிக்கு மாதச் சம்பளம் 80,000, நிரந்தர வேலை, மனைவியும் ஒரு குழந்தையும் உண்டு என்று வையுங்கள். வருடம் 9 லட்சத்து 60 ஆயிரம். 40 வயதுக்கு உட்பட்டவர் என்பதால் எதிர்கால உயர்வுக்காக பாதி கூட்டினால் 14 லட்சத்து 40 ஆயிரம். மூன்றில் ஒன்று போனால் மறுபடி 9 லட்சத்து 60 ஆயிரம். பெருக்கு எண் 17. வருவது 1 கோடியே 63 லட்சம். ஈமச்சடங்குச் செலவு மாதிரி சின்னத் தொகைகள் இருவருக்கும் தனி. அதே விலக்கு, அதே லாரி, ஆனால் ஒருவருக்கு மற்றவரைப் போல ஏறக்குறைய 39 மடங்கு.

இழப்பீட்டில் இந்த வித்தியாசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தீர்ப்பாயம் கேட்பது, இந்த வீடு எந்த வரும்படியை இழந்தது என்று. அதற்கு அதுதான் பதில். சாலை போடுகிறவரிடம் நாம் வைக்கும் கேள்வி வேறு. நாளைக்கு இந்த இடத்தைக் கடக்கப் போகிறவர் யார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாதபோது ஆளுக்கு ஆள் விலை எப்படி வைப்பது? செட்டிநாட்டு நகரத்தார் தங்கள் கோயில்களில் தம்பதிகளைப் புள்ளி என்று எண்ணும் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரங்கூனில் கடை வைத்துக் கொழித்தவர் வீட்டுத் தம்பதியும் ஒரு புள்ளி, அந்தக் கடையில் அடுத்தாளாக (உதவியாளாக) இருந்தவர் வீட்டுத் தம்பதியும் ஒரு புள்ளி. சாலைப் பாதுகாப்புக் கணக்குக்கும் அந்த மாதிரி ஒரே எண்தான் தேவை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2023-க்கு வைத்திருந்த எண் 1 கோடியே 32 லட்சம் டாலர். ஏழைக்கும் பணக்காரருக்கும் கிழவருக்கும் குழந்தைக்கும் அதே எண். (இந்தத் தொகையை மனுவில் போட்டுவிடாதீர்கள். சிரித்துவிட்டு மூடிவைப்பார்கள்.)

சம்பாத்தியத்தை வைத்து உயிரை அளக்கும் பழைய முறை செட்டிநாட்டு ஊர்களுக்குச் செய்யும் அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முகப்பும் பட்டாலையுமாக நீளும் வீடுகளில் இரண்டு முதியவர்களும் ஒரு காவல்காரரும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் இந்த ஊர்கள் ஏறத்தாழ பூஜ்யம். உங்கள் பட்டியலில் உள்ள தாத்தா இறந்ததால் அரசுக்குப் பென்ஷன் மிச்சம் என்றுகூட அதே கணக்கில் ஒரு வரி எழுத முடியும். குடும்பத்தலைவிக்கும் இதே கதி. 2001-இல் லதா வாத்வா வழக்கில் இல்லத்தரசியின் உழைப்புக்கு உச்ச நீதிமன்றம் வைத்த தொகை மாதம் 3,000 ரூபாய். 2021-இல் கீர்த்தி வழக்கில் அந்த உழைப்பின் அளவை நீதிமன்றம் விரிவாகப் பேசியது. 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி வீட்டு வேலைக்குப் பெண்கள் செலவிடுவது நாளைக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது.

வயதைக் காட்டி விலை குறைப்பதை அமெரிக்காவும் ஒருமுறை செய்து பார்த்தது. 2003-இல் காற்று மாசு பற்றிய ஓர் ஆய்வில் 70 வயதுக்கு மேற்பட்டவர்களின் உயிருக்கு 37 விழுக்காடு குறைத்துப் போட்டார்கள். முதியோர் அமைப்புகள் போட்ட சத்தத்தில் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. நாடு பார்த்து விலை குறைப்பதற்கு எதிராகக் குரல் கொடுத்தவர்களில் நம்மவர்களும் உண்டு. 1990-களின் நடுவில் பருவநிலை பற்றிய ஐ.நா. குழுவின் அறிக்கையில், பணக்கார நாட்டு உயிருக்கு 15 லட்சம் டாலர், ஏழை நாட்டு உயிருக்கு 1.5 லட்சம் டாலர் என்று மதிப்பீடு வந்தபோது இந்தியா கடுமையாக ஆட்சேபித்தது. "எவ்வளவு தரத் தயார்" என்று கேட்கிற முறையில் உள்ள ஓட்டை இதுதான்: மடியில் இருப்பதற்கு மேல் யாரும் தரத் தயாராக இருக்க முடியாது. வெளிநாட்டில் நாம் ஏற்காத கணக்கை உள்நாட்டில் நகரச் சாலைக்கும் கிராம விலக்கிற்கும் நடுவில் அனுமதிக்கலாமா என்பது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

இனி அந்தக் கணக்கில் யாரும் கவனிக்காத ஒரு சமாச்சாரம். வட்டி. வட்டி என்றால் என்ன என்று செட்டிநாட்டில் விளக்க வேண்டியதில்லை. நம் நெடுஞ்சாலைத் திட்டங்களில் எதிர்காலப் பலனை வருடத்துக்கு 12 விழுக்காடு கழித்துத்தான் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது வழக்கம். அப்படிச் செய்தால் இருபது வருடம் கழித்துக் காப்பாற்றப்படும் உயிருக்கு இன்றைய கணக்கில் ரூபாய்க்குப் பத்துப் பைசாதான் மதிப்பு.

ஓர் எடுத்துக்காட்டு மட்டும்: சுரங்கப்பாதைக்கு 12 கோடி, முப்பது வருடம் நிற்கும், வருடத்துக்குச் சராசரி 1.2 சாவு குறையும் என்று வையுங்கள். மொத்தம் 36 உயிர். நேராக வகுத்தால் உயிருக்கு 33 லட்சம். 12 விழுக்காடு கழித்துப் பார்த்தால் அதே சுரங்கப்பாதையில் உயிருக்கு 1 கோடியே 24 லட்சம். 5 விழுக்காடு என்றால் சுமார் 65 லட்சம். சுரங்கப்பாதை மாறவில்லை, விலக்கு மாறவில்லை, வட்டி மாறியதும் "தேறும்" என்பது "தேறாது" ஆகிவிட்டது. உயிருக்கு வட்டிக்கழிவே கூடாது என்று சொல்லலாமே என்று தோன்றும். பணத்துக்கு மட்டும் கழித்து உயிருக்குக் கழிக்காவிட்டால், எந்தத் திட்டத்தையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிக்கொண்டே போவதுதான் லாபம் என்ற கோணலான விடை வரும். ஆகவே குறைந்த விழுக்காடு கேளுங்கள், பூஜ்யம் கேட்காதீர்கள்.

சரி, என்ன எழுதுவது? முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, அந்தத் திட்ட அறிக்கையின் பொருளாதார மதிப்பீட்டுப் பக்கங்களைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ஒரு சாவுக்கு என்ன தொகை, அது எந்த வருட விலை, வட்டி விழுக்காடு என்ன, பலத்த காயங்களைச் சேர்த்தார்களா, நடந்து கடப்பவர்களின் நேரத்துக்கு மதிப்பு உண்டா இல்லை வண்டிகளின் நேரத்துக்கு மட்டுமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியால் இறந்தவர் குடும்பத்துக்கு அரசு தரும் 2 லட்சத்தை (2022 ஏப்ரலுக்கு முன்னால் அது வெறும் 25,000) யாராவது உயிரின் மதிப்பாக எடுத்துப் போட்டிருந்தால், அது நிவாரணத் தொகை, மதிப்பு அல்ல என்று ஒரு வரியில் மறுத்துவிடலாம்.

காவல் நிலையத்திலிருந்து மூன்று வருட எஃப்.ஐ.ஆர். விவரம் வாங்குங்கள். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள் மூன்று வருடத்தில் சாவோ பலத்த காயமோ ஏற்படுத்திய விபத்து ஐந்து நடந்திருந்தால், அல்லது பத்துப் பேர் இறந்திருந்தால், அது விபத்துக் கரும்புள்ளி. உங்கள் நாலு சாவோடு கை கால் முறிந்த ஒரு வழக்குச் சேர்ந்தாலே ஐந்து ஆகிவிடுகிறது. இந்த ஒரு பத்தி, விலைமதிப்பற்ற உயிர் பற்றிய பத்துப் பக்கத்தை விட வேலை செய்யும்.

சுரங்கப்பாதையை மட்டும் கேட்காதீர்கள். பார்வையை மறைக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டுவது, உயர்கோபுர விளக்கு, மஞ்சள் மினுக்கு விளக்கு, பஸ் நிற்கும் இடத்தை விலக்குக்கு அப்பால் தள்ளுவது: இவற்றுக்கு ஆகும் செலவை உயிருக்கு இவ்வளவு என்று வகுத்தால் எந்த வட்டி போட்டாலும் தேறும். சுரங்கப்பாதை வரும்வரை இவை வேண்டும் என்று எழுதுங்கள், சுரங்கப்பாதைக்குப் பதிலாக என்று எழுதிவிடாதீர்கள். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்கள் உங்கள் விலக்கு வழியாக இரவில் போவார்கள் என்றால் அதையும் சேருங்கள். கணக்கெடுக்க வந்த நாளில் அவர்கள் சாலையில் இருந்திருக்க மாட்டார்கள்.

மனுவின் முதல் பக்கத்தில் எண்கள். இரண்டாம் பக்கத்தில் அந்த நாலு பேரும் யார், எங்கே போய்க்கொண்டிருந்தார்கள் என்று ஆளுக்கு இரண்டு வரி. பெயர் போடலாமா என்று அந்தந்த வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் வயதும் தொழிலும் போதும். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.