அம்மாவின் கடித உறைகளிலிருந்து தபால்தலைகளைக் கழற்றலாமா?

கேள்வி: நான் 1986இல் சுன்னாகத்திலிருந்து கனடாவுக்கு வந்தவன். இப்போது ஓய்வு பெற்று ஸ்காபரோவில் வசிக்கிறேன். பள்ளிக்கூட நாளில் விட்டுப்போன முத்திரை சேர்க்கும் பழக்கத்தை மீண்டும் தொடங்கியிருக்கிறேன். அம்மா 1999 வரை எழுதிய ஏறத்தாழ 300 கடிதங்கள் உறைகளோடு ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில், பேஸ்மென்டில் இருக்கின்றன. அவற்றின் முத்திரைகளை நீரில் ஊறவைத்துக் கழற்றி ஆல்பத்தில் ஒட்ட நினைக்கிறேன். கழற்றலாமா? உறைகளை எப்படிப் பாதுகாப்பது? கனடா அஞ்சலகங்களின் தெளிவான முத்திரைப் பதிவுகளைச் சேர்க்க வழி என்ன? இவற்றுக்கு விலை ஏதும் உண்டா? நான்கு உறைகளின் படங்களை இணைத்துள்ளேன்.

பதில்: தயவுசெய்து ஒன்றைக்கூடக் கழற்ற வேண்டாம். அந்தத் தகரப் பெட்டியை இன்றே பேஸ்மென்டிலிருந்து மேல்மாடி அறைக்குக் கொண்டு வாருங்கள். மற்றவற்றை ஆறுதலாகச் செய்யலாம்.

சொல்லில் குழப்பம் வராதிருக்க ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்கிறேன். ஈழத்தில் நாம் முத்திரை என்று சொல்லி வளர்ந்தது உறையில் ஒட்டும் தபால்தலையை. தமிழ்நாட்டிலோ அதே சொல் அஞ்சலகத்தார் அதன்மேல் குத்தும் அடையாளத்தைக் குறிக்கும். இந்தப் பதிலில் ஒட்டுவதைத் தபால்தலை என்றும், குத்துவதைத் திகதி முத்திரை என்றும் எழுதுகிறேன். உங்கள் சேகரிப்பில் அருமையானது இரண்டாவதுதான்.

காரணத்தை உங்கள் படங்களில் ஒன்றைக் கொண்டே சொல்லலாம். மூன்றாவது உறையின் பின்புறத்தில் அனுப்புநர் முகவரி சுன்னாகம் என்று இருக்கிறது. முன்புறத்துத் திகதி முத்திரையோ கொழும்பிலுள்ள வெள்ளவத்தை என்று சொல்கிறது, ஆண்டு 1993. கடிதத்தின் தலைப்பில் அம்மா எழுதிய திகதிக்கும் முத்திரையின் திகதிக்கும் இடையில் 19 நாட்கள் என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். சுன்னாகம் இருக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான தரைவழி போரால் அடைபட்டு, மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்த காலம் அது. கொழும்புக்குப் போகிற யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய கடிதம், அவர் தங்கிய இடத்துக்கு அருகிலிருந்த அஞ்சலகத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அம்மா கடிதத்துக்குள் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை என்கிறீர்கள். எழுதாததை அந்தத் திகதி முத்திரை வட்டமும், பின்புறத்து முகவரியும், உள்ளே உள்ள திகதியும் சேர்ந்து சொல்கின்றன. தபால்தலையைக் கழற்றினால் வட்டத்தின் கால்பங்கு தபால்தலையோடு போகும், முக்கால்பங்கு உறையோடு நிற்கும். முகவரியும் திகதியும் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் பிரிந்துவிடும். கையில் மிஞ்சுவது, எந்தத் தபால்தலைக் கடையிலும் சில சதங்களுக்குக் கிடைக்கிற சாதாரணமான இலங்கைத் தபால்தலை ஒன்று.

இதை அனுபவத்தால் சொல்கிறேன். என் பேரனார் (தாத்தா) மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்தவர். அவர் அனுப்பிய உறைகளிலிருந்து, பாயும் புலி பொறித்த மலாய் கூட்டு நாடுகளின் தபால்தலைகளை எனது பத்தாவது வயதில் கத்தரித்தெடுத்து, எனாமல் கோப்பையில் ஊறவைத்து, பத்திரிகைத் தாளில் காயவைத்தேன். உறைகள் அடுப்புக்குப் போயின. தபால்தலைகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் வட்டத்தின் ஓரமும் 'பிங்' என்ற கடைசி எழுத்துகளும் மட்டும் தெரிகின்றன. தைப்பிங் ஆக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். ஆண்டு எது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. உங்கள் பெட்டிக்குள்ளும் அப்படியான, மலாயாவில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய 'மலாயா பென்ஷனியர்'களின் காலத்து உறைகள் ஏதும் கலந்திருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அவை இன்னும் கவனமாகப் பார்க்கப்பட வேண்டியவை.

தபால்தலையை மட்டும் சேர்ப்பது ஒரு துறை. கடிதம் போன வழியை, செலுத்திய கட்டணத்தை, இடையில் குத்தப்பட்ட குறிகளை ஆராய்வது அஞ்சல் வரலாறு என்னும் இன்னொரு துறை. 1926இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுத் தபால்தலைக் கூட்டமைப்பின் ஆதரவில் நடக்கும் கண்காட்சிகளில் அஞ்சல் வரலாற்றுக்கெனத் தனிப்பிரிவே இருக்கிறது. உங்களிடம் இருப்பது அந்தத் துறைக்கு உரிய பொருள். ஆகவே ஒவ்வோர் உறையையும் முன்னும் பின்னும் பாருங்கள். பதிவுத் தபாலில் 'ஆர்' எழுத்தும் அஞ்சலகப் பெயரும் இலக்கமும் கொண்ட சிறு சீட்டு இருக்கும். உறையின் பின்புறத்தில் வழியிலுள்ள அஞ்சலகங்கள் குத்திய முத்திரைகளும் இருக்கக்கூடும், அவற்றின் திகதிகளை வரிசைப்படுத்தினால் கடிதம் எங்கே எத்தனை நாள் தங்கியது என்பது தெரியும். 'டி' (T) என்ற எழுத்து குத்தியிருந்தால் ஒட்டிய தபால்தலையின் பெறுமதி போதவில்லை என்று பொருள். 1874இல் பேர்ன் நகரில் உருவான அஞ்சல் ஒன்றியத்தின் மொழி பிரெஞ்சு என்பதால், வரியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முதல் எழுத்து அங்கே நிற்கிறது. ஊதா நிற றப்பர் முத்திரைகள் கண்ணில் பட்டால் அந்த உறையின் அருகே ஈரக்கையோடும் போகாதீர்கள். அந்த மை நீர் பட்டவுடன் ஓடிவிடும். வான்கடிதத் தாள்களில் தபால்தலை தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதை வெட்டியெடுத்தால் எதுவுமே மிஞ்சாது.

ஒரு படத்தில் உறையின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் பூசியிருப்பதைக் கண்டேன். தங்கையின் கலியாணச் செய்தி வந்த உறை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கறை என்று எண்ணித் துடைக்கவோ அழிறப்பரால் தேய்க்கவோ வேண்டாம். கடிதம் எதற்காக வந்தது என்பதை உறையைத் திறக்குமுன்பே சொல்லிய மஞ்சள் அது. திகதி முத்திரையைப் போலவே அதுவும் அந்தப் பொருளின் பகுதி.

பாதுகாப்புக்கு வருகிறேன். ரொறன்ரோப் பேஸ்மென்ட் கோடையில் ஈரம் கோத்துக்கொள்ளும். குளிர்காலத்திலோ ஹீற்றர் ஓடி வீடு முழுவதும் வறண்டுவிடும். தாளுக்கு இந்த ஏற்ற இறக்கமே பெரும் பகை. ஈரத்தில் பழுப்புப் புள்ளிகள் விழும், பூஞ்சணம் பிடிக்கும், பசையைத் தின்னும் வெள்ளிப்பூச்சி வரும். வறட்சியில் தாள் சுருண்டு, மடிப்பில் வெடிக்கும். வெளிச்சுவரில் பொருந்தாத, வெயில் விழாத உள் அலுமாரி ஒன்றில், 20 பாகை செல்சியஸ் அளவிலும் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள்ளும் இருக்குமாறு வையுங்கள். ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அலுமாரிக்குள்ளேயே வைத்தால் ஊகிக்க வேண்டியிராது. நப்தலின் உருண்டைகளைப் போட வேண்டாம்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் துருவேறிய குண்டூசி, கிளிப், ஸ்டேப்பிள், றப்பர் வளையம் எல்லாவற்றையும் இழுக்காமல் மெதுவாக விடுவியுங்கள். பழுப்புப் புள்ளியோ பூஞ்சண வாடையோ உள்ள உறைகளைத் தனியே பிரியுங்கள், ஏனையவற்றுக்கு அது தொற்றும். ஒவ்வோர் உறையையும் பொலியெஸ்டர் (மைலார்) கூட்டினுள் வைத்து, கடிதத்தை விரித்து உறையின் பின்னால் அதே கூட்டில் சேர்க்கலாம். கடையில் 'பிளாஸ்டிக் பக்கம்' என்று தருவதை அப்படியே வாங்க வேண்டாம். பி.வி.சி. கலந்த பக்கங்கள் காலப்போக்கில் பிசுபிசுத்து மையையே உரித்தெடுத்துவிடும். புதிதாகப் பிரித்த குளியலறைத் திரையின் மணம் வந்தால் அது பி.வி.சி. என்று கொள்ளலாம். கிழிந்த மடிப்புகளில் செலோடேப் ஒட்டுவதும், பாதுகாப்பு என்று எண்ணி லாமினேட் செய்வதும் திருத்த முடியாத பிழைகள். நம்மவர் வீடுகளில் லாமினேட் செய்யப்பட்ட கடைசிக் கடிதங்களைக் கண்டு பலமுறை மனம் வருந்தியிருக்கிறேன். வெப்பத்தில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமின்றிப் பிரிப்பது நிபுணர்களுக்கே பெரும்பாடு.

பிறகு இரு பக்கமும் அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கான் செய்து, ஒரு பட்டியலில் நான்கு விவரங்களைக் குறியுங்கள்: கடிதத்தில் எழுதிய திகதி, திகதி முத்திரையின் ஊர், அதன் திகதி, கையில் கிடைத்த நாள் நினைவிருந்தால் அதுவும். பட்டியல் இலக்கத்தை உறையில் பேனாவால் எழுத வேண்டாம்; அதை வைக்கும் கூட்டின் சீட்டில் எழுதுங்கள். மங்கிய முத்திரையைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்கான் படத்தை ஏதாவது படத்திருத்த மென்பொருளில் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறத்தடங்களையும் தனித்தனியே பாருங்கள். தபால்தலை சிவப்பானால் சிவப்புத் தடத்தில் அது வெளிறிப்போகும், கறுப்பு முத்திரை மட்டும் எழுந்து நிற்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத மாதமும் நாளும் இப்படிப் பலமுறை எனக்குக் கிடைத்திருக்கின்றன.

இனிக் கனடா. இங்கே தபாற்பெட்டியில் போடும் கடிதங்கள் பெரிய நிலையங்களில் இயந்திரத்தால் மை தெளித்து அடிக்கப்படுகின்றன. சிலவற்றில் விநியோகிப்பவர் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுவதும் உண்டு. தெளிவான வட்டம் வேண்டுமானால் அஞ்சலக மேசைக்கே போய், கையால் முத்திரை குத்தித் தருமாறு கேட்க வேண்டும். மருந்துக்கடைகளின் உள்ளே இயங்கும் அஞ்சலகங்களிலும் திகதி முத்திரை இருக்கும். உறைக்குள் தடித்த அட்டை ஒன்றைச் செருகிக் கொடுங்கள். அடியில் சமதளம் இருந்தால்தான் வட்டம் முழுதாக விழும். வட்டத்தின் பாதி தபால்தலையிலும் பாதி உறையிலும் விழ வேண்டும் என்று விரலால் இடத்தைக் காட்டி, நேரமிருக்கிற பொழுதில் மரியாதையாகக் கேளுங்கள். தூரத்து ஊர்களுக்கு, உங்கள் சொந்த முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையை இன்னோர் உறைக்குள் வைத்து, அந்த ஊர் அஞ்சலகத் தலைவருக்கு ஒரு சிறு வேண்டுகோளோடு அனுப்புவது சேகரிப்பாளர்களின் நெடுநாள் வழக்கம். சில அஞ்சலகங்களில் ஊரின் அடையாளத்தைச் சித்திரமாகக் கொண்ட முத்திரைகளும் உள்ளன.

கனடாவில் திகதி முத்திரைக்கு இன்னொரு முக்கியத்துவம் இருக்கிறது. 2006 முதல் உள்நாட்டுக் கடிதங்களுக்கு விற்கும் நிரந்தரத் தபால்தலைகளில் விலை அச்சிடப்படுவதில்லை, மேப்பிள் இலைக்குள் 'பி' (P) என்ற எழுத்துத்தான் இருக்கும். எந்த ஆண்டு என்ன கட்டணத்துக்கு அந்தக் கடிதம் போனது என்பதை அறிய முத்திரையின் திகதி ஒன்றே சான்று. இவற்றையும் நீரில் ஊறவைக்க முயல வேண்டாம். தாமே ஒட்டும் இன்றைய வகைகள் பல எளிதில் கழலா. சேர்க்க விரும்பினால் சுற்றிலும் ஐந்து மில்லிமீற்றர் தாள் விட்டு வெட்டி வைப்பதே நல்லது.

உங்களுக்கென்று ஒரு தேடலையும் சொல்கிறேன். ஒன்ராறியோவின் கிறே மாவட்டத்தில், பிளெஷர்ட்டன் ஊரை அடுத்து, சிலோன் என்றே பெயர் கொண்ட சிற்றூர் ஒன்று இருக்கிறது. 1921இல் கனடா நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதற்பெண்ணான ஆக்னஸ் மக்ஃபெயில் வாழ்ந்த ஊர் அது. அவருக்குக் கனடா அஞ்சல் துறை 1990இல் 39 சதத் தபால்தலை வெளியிட்டது. விலை அச்சிட்ட அத்தகைய பழைய தபால்தலைகள் இன்றும் செல்லும். அதை ஒட்டிய உறைக்குப் பிளெஷர்ட்டனில் கைமுத்திரை பெறலாம். சிலோன் என்ற பெயர் பதிந்த பழைய உறைகளை வணிகர்களிடம் தேடலாம். சுன்னாகத்தில் பிறந்தவர் ஒருவரின் ஆல்பத்தில் அந்தப் பக்கம் இருப்பது பொருத்தமாக இருக்கும்.

விலையைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் உறைகளிலுள்ள தபால்தலைகளுக்குப் பெரிய சந்தை விலை இல்லை. ஸ்கொட், ஸ்டான்லி கிப்பன்ஸ் போன்ற விலைப்பட்டியல்களில் சாதாரணத் தபால்தலைக்கும் ஒரு குறைந்தபட்ச விலை போட்டிருக்கும். அது வணிகர் ஒன்றைத் தேடியெடுத்துத் தருவதற்கான கூலியே தவிர, நீங்கள் விற்றால் கிடைக்கும் பணமல்ல. இலங்கையின் முதல் தபால்தலை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வெளிவந்த ஆறு பென்ஸ் தலை. சேகரிப்பாளர்கள் கனவு காண்பது 1859இன் மங்கிய ரோஜா நிற நான்கு பென்ஸ் தலை. பெரும்பணம் அந்தக் காலத்து அரிய பொருட்களில் இருக்கிறது, அவற்றின் போலிகளும் ஏராளம். அப்படி ஏதாவது உங்கள் கைக்கு வந்தால் ரொறன்ரோவிலுள்ள வின்சென்ட் கிறேவ்ஸ் கிறீன் ஆய்வு நிறுவனத்தின் நிபுணர் சான்றிதழைப் பெறாமல் வாங்கவோ விற்கவோ வேண்டாம். போர்க்காலத்து உறைகளுக்கு அஞ்சல் வரலாற்று ஆய்வாளர்களிடையே மதிப்பு உண்டு. ஆயினும் ஒரே வீட்டுக்கு ஒரே கை எழுதிய 13 ஆண்டுத் தொடர் என்பதே உங்கள் பெட்டியின் பலம். நல்லவற்றைப் பொறுக்கித் தனித்தனியாக விற்றால் அந்தப் பலம் போய்விடும்.

பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் ஸ்கான் செய்யும்போதே ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு வரி விளக்கத்தை அவர்கள் வாசிக்கும் மொழியில் சேர்த்துவிடுங்கள்: யார் யாரைப் பற்றிய செய்தி, கடிதம் யார் கையில் கொழும்புக்குப் போனது என்று உங்களுக்குத் தெரிந்தால் அதுவும். ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் காக்கும் நூலகம் நிறுவனத்துக்குப் படிகளைக் கொடுப்பது பற்றிக் குடும்பத்தோடு பேசித் தீர்மானிக்கலாம். கடிதத்தின் உட்பக்கம் அந்தரங்கமானால் உறையின் படங்களை மட்டும் கொடுக்கலாம். 1993ஆம் ஆண்டின் அந்த வெள்ளவத்தை உறையிலிருந்து தொடங்குங்கள். கொண்டுபோனவர் யார் என்று சொல்லக்கூடிய உறவினர் இன்று யாராவது இருந்தால் முதலில் அவருக்குத் தொலைபேசி எடுங்கள்.